வாத்தியார் அடித்த கத்தி

கோடை விடுமுறையில் பத்து நாள் காரைக்குடிக்குப் போய் ஏதாவது ஒரு கைத்தொழில் கற்றுக்கொண்டு வர வேண்டும் என்று ஆரம்பப் பள்ளி வாத்தியார்களுக்கெல்லாம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வருஷம் முழுக்கத் தொண்டை வறளக் கத்துகிறவனுக்குக் கிடைப்பதே அந்த ஒன்றரை மாதம். அதிலும் பத்து நாளைப் பிடுங்கிக்கொண்டால் எப்படி? "வாத்தியானை ஆசாரியாக்கப் பார்க்கிறான்கள்" என்று வீட்டுக்குள் குதித்தேன். என் மனைவி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே, "குதிச்சது போதும், போயிட்டு வாங்க. பத்து நாளைக்கு வீடாச்சும் அமைதியா இருக்கும்" என்றாள்.

மானகிரியிலிருந்து காரைக்குடிக்கு நடைதான். இருட்டோடு கிளம்பினால் வெயில் ஏறுமுன் போய்விடலாம். முதல் நாள் வீம்புக்கு மெதுவாக நடந்து தாமதமாகப் போனேன். அதற்குள் பாய் பின்னுவது, தச்சு வேலை, நூல் நூற்பது எல்லாவற்றுக்கும் ஆள் நிறைந்துவிட்டது. "கொல்லுப் பட்டறைதான் மிச்சம்" என்றார் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர். வீம்பு பிடித்ததற்கு எனக்கு வேண்டியதுதான். சித்திரை வெயிலில் உலைக்கு முன்னால் உட்கார யார் முந்திக்கொண்டு வருவார்கள்?

பயிற்சி நடந்த கட்டடத்துக்குப் பின்னால், வேப்பமரத்தை ஒட்டிக் கீற்றுக்கொட்டகை போட்டு, உலையும் துருத்தியும் வைத்திருந்தார்கள். ஆறு வாத்தியார்கள் சட்டையைக் கழற்றி மரக்கிளையில் தொங்கவிட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைகளைப் போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கற்றுக்கொடுக்க வந்தவர் சாக்கோட்டைப் பக்கத்து ஆசாரி. அவருக்கு மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு வயது. எனக்கு முப்பத்தைந்து. "தம்பி" என்று கூப்பிட வாய் வந்தது. ஆனால் கையில் இருந்த சுத்தியலை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் அந்தச் சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. "ஆசாரியாரே" என்று கூப்பிட்டேன்.

"ஆளுக்கு ஒரு சாமான் செஞ்சுக்கிட்டுப் போகலாம். ஆணி, கொக்கி, கத்தி. எது வேணும்னு சொல்லுங்க" என்றார்.

மற்றவர்கள் கெட்டிக்காரர்கள், கொக்கி என்றார்கள். நான் மட்டும் கத்தி என்றேன். அதற்குக் காரணம் என் மனைவி.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கொட்டான் பின்னுவது சோறாக்குவது மாதிரி. கல்யாணம், சடங்கு என்றால் தேங்காயும் பழமும் வைத்துக் கொடுக்கப் பனையோலைக் கொட்டான் இல்லாமல் முடியாது. முதல் வேலை ஓலை வார்வது. குருத்தோலையில் ஈர்க்கை எடுத்துவிட்டு, ஒரே அகலத்தில் நீள நீளமாகக் கத்தியால் கிழிக்க வேண்டும். என் மனைவி பின்னினால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், வார்ந்தால் சிரிக்கலாம். ஒரு முனை விரல் அகலம் இருக்கும், மறுமுனை நூலாகிப் போகும். பக்கத்து வீட்டில் இருந்த என் தங்கை விடமாட்டாள். "அண்ணி வார்ந்த ஓலை பிறை நிலா மாதிரில்ல வளையுது!" என்பாள். "கத்தி சரியில்ல" என்று மட்டும் இவள் சொல்வாள். கல்யாணமான ஒன்பது வருஷமாக அதே பதில். காரைக்குடிச் சந்தையில் இரண்டு கத்தி வாங்கிக் கொடுத்தும் பார்த்தாகிவிட்டது. அவையும் சரியில்லையாம். சரி, என் கையாலேயே ஒன்று செய்து கொடுப்போம், அப்புறம் என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று நினைத்தேன்.

கத்தி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வருஷம் எங்கள் இருவர் நெஞ்சிலும் கிடந்த கவலை வேறு. எங்களுக்கு ஒரே மகள், ஆறு வயது. எதை எடுத்தாலும் இடக்கைதான் முந்தும். நொட்டாங்கையால் எழுதுவாள், நொட்டாங்கையால் கல்லெறிவாள், தண்ணீர்ச் செம்பையும் அந்தக் கையாலேயே நீட்டுவாள். பெண்பிள்ளை இப்படி இருந்தால் நாளைக்கு எந்த வீட்டில் வாழும்? ஆகவே தினமும் காலையில் என் மனைவி பழைய வேட்டிக் கிழிசலால் பிள்ளையின் இடக்கையை முழங்கை வரை சுற்றிக் கட்டிவிடுவாள். பூனையைக்கூட அதட்டாதவள் இந்த ஒன்றில் மட்டும் இரக்கமே காட்டமாட்டாள். பள்ளிக்கூடத்தில் கட்டு நழுவி அந்தக் கை எழுத வந்தால் என் பங்கு. மகள் என்று பார்க்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு விழுகிற மாதிரியே அவளுக்கும் விரல் முட்டியில் பிரம்பு விழும். விடுமுறை விடும் சமயத்தில் அவள் சிலேட்டைக் கையில் தொடுவதையே விட்டுவிட்டாள். "பள்ளிக்கூடம் வேணாம்" என்று தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். கை திருந்துமா, பிள்ளை படிப்பாளா என்பதுதான் எங்கள் வீட்டில் பேச்சாக இருந்தது.

பட்டறைக்கு வருகிறேன். முதல் இரண்டு நாளும் இரும்பையே தொடவிடவில்லை. துருத்தி ஊதச் சொன்னார், கரி அள்ளிப் போடச் சொன்னார், ஒரு மரக்கட்டையில் சுத்தியலால் அடிக்கச் சொன்னார். நான் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாத்தியாரய்யா, இது பிரம்பு இல்லீங்க. மணிக்கட்டைச் சொடுக்குறீக. தோள்லேருந்து வரட்டும்" என்றார். மற்ற ஐந்து வாத்தியார்களும் கொல்லென்று சிரித்தார்கள். அவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? ஆறு பேருக்கும் அதே சொடுக்குத்தான்.

மூன்றாம் நாள் குறடும் இரும்பும் கைக்கு வந்தன. எனக்குக் கொடுத்தது தேய்ந்து உடைந்துபோன ஒரு அரம். "இதுல இருக்குறது எஃகு. வண்டிச் சக்கரத்துப் பட்டை இரும்புல கத்தி அடிச்சா ரெண்டு நாள்ல மழுங்கிரும்" என்றார். அதைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டோம். மறுநாள் அது தன் வீறாப்பெல்லாம் போய்ச் சாதுவாகிவிட்டது. மறுபடி காய்ச்சி அடித்தேன். அடியா அது! ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, பட்டடைக் கல்லில் நாலு. கத்தியாக வேண்டியது கரண்டிபோல் குழிந்து நின்றது. ஆசாரி அதை வாங்கி ஏழெட்டு அடியில் நேராக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் அடிக்கும்போது அந்தச் சத்தத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. நான் அடித்தால் கூரையிலிருந்து சட்டி பானை உருளுகிற சத்தம்.

நாலாம் நாள் சூடு பட்டுக்கொண்டேன். சிவந்த இரும்பைக் கண்டு பயந்தவன், கறுத்துக் கிடந்ததை ஆறிவிட்டது என்று நம்பிக் கையால் எடுத்துவிட்டேன். "செவப்பு இரும்பு யாரையும் ஏமாத்தாதுங்க. கறுத்த இரும்பைத்தான் நம்பக் கூடாது" என்று ஆசாரி என் விரல்களைத் தண்ணீருக்குள் அமுக்கினார். வீட்டுக்கு வந்து நான் போட்ட கூப்பாட்டில் தங்கை பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்துவிட்டாள். என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் சோற்றுக்கற்றாழையைக் கீறி வைத்துக் கட்டினாள். இரண்டு நாள் முனகிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் ஆறு பேரில் கண்டனூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவர் சுத்தியலை இடக்கையில் பிடித்தார். பேனாவுக்கு வலக்கை பழக்கியிருந்தார்கள். சுத்தியலைக் கண்டதும் பழைய கை எட்டிப் பார்த்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "ஆசாரியாரே, அவரு நொட்டாங்கையில அடிக்கிறாரே, திருத்தமாட்டீரா?" என்று கேட்டேன்.

"எதுக்குத் திருத்தணும்?" ஆசாரிக்கு நான் கேட்டதே புரியவில்லை. "அடி நேரா விழுகுதில்ல? எங்க பட்டறையில சம்மட்டி போடுறதுக்கு நொட்டாங்கைக்காரன் வந்தா நாங்க விடவே மாட்டோம். ஒருத்தன் அங்குட்டும் ஒருத்தன் இங்குட்டும் நின்னு அடிச்சா இடிச்சுக்கவே மாட்டாக."

"பட்டறைக்குச் சரி" என்று முணுமுணுத்துக்கொண்டு என் கரண்டிக்கு, இல்லை கத்திக்குத் திரும்பினேன்.

சும்மா சொல்லக் கூடாது, ஆறாம் நாளிலிருந்து எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. இரும்பு எந்தச் சிவப்பில் இளகும், எந்தச் சிவப்பில் அடித்தால் முரண்டு பிடிக்கும் என்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்குத் தெரிந்தது. காலையில் கோபமாகக் கிளம்புகிறவன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவனுக்கு, வாயே திறக்காமல் ஒரு துண்டு இரும்போடு அரை நாள் உட்கார்ந்திருப்பது எத்தனை சுகம்! மத்தியானம் ஆறு பேரும் வேப்பமரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்து, ஆளாளுக்கு ஊறுகாய் மாற்றிக்கொண்டு, அடித்த வீரத்தைப் பேசிச் சிரிப்போம். அந்த நாட்கள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன.

எட்டாம் நாள் விளிம்புக்குச் சரிவு எடுக்கும் வேலை. ஓலை வார்கிற கத்திக்கு ஒரு பக்கம்தான் சரிவு வேண்டும். மறுபக்கம் தட்டையாக இருந்தால்தான் கத்தி ஓலையை ஒட்டி நேராக ஓடும். ஆசாரி எனக்கு எதிரில் உட்கார்ந்து தன்னுடைய கத்தி ஒன்றை வைத்து அரத்தால் தேய்த்துக் காட்டினார். அவர் எப்படிச் செய்கிறாரோ அப்படியே செய்வேன், இம்மி பிசகமாட்டேன் என்ற கங்கணத்தோடு நானும் தேய்த்தேன். அவர் வேப்பமரத்துப் பக்கம் தேய்த்தார். நானும் வேப்பமரத்துப் பக்கம் தேய்த்தேன். அவருக்கு வலப்பக்கம் இருந்த மரம் எதிரே உட்கார்ந்த எனக்கு இடப்பக்கம் என்பது புத்தியில் ஏறவே இல்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்று பிள்ளைகளைப் பார்த்துப் பதினொரு வருஷம் பாடம் நடத்துகிறவன் செய்த காரியம் இது!

பத்தாம் நாள் தோய்ச்சல் போட்டோம். கத்தியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி இலுப்பெண்ணெயில் இறக்க வேண்டும். முந்தின நாள் ஒருவருடைய கொக்கி பச்சைத் தண்ணீரில் பட்டென்று இரண்டாகத் தெறித்ததைப் பார்த்திருந்ததால் கண்ணை மூடிக்கொண்டுதான் இறக்கினேன். சுர்ரென்று புகை எழும்பியது. எடுத்துப் பார்த்தால் கத்தி முழுசாக இருந்தது. துடைத்து, மறுபடி அனலில் வாட்டி, வைக்கோல் நிறம் ஏறியதும் எடுத்து ஆறவைத்தேன். சாணை பிடித்து, கருவேலங்கட்டையில் பிடி போட்டுப் பூண் மாட்டியதும் ஆசாரி வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. திருப்பிப் பார்த்தார். மலர்ந்த முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"வாத்தியாரய்யா, சரிவு மாறிப்போச்சே! இடப்பக்கம்ல எடுத்திருக்கீக?" என்றவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கத்தி நல்ல கத்திங்க. ஆனா நொட்டாங்கைக்காரவுகளுக்குத்தான் ஓடும்."

"மாத்த முடியாதா?"

"இனிமே மாத்துனா அலகு பாதியாத் தேஞ்சுரும். வச்சுக்கங்க. மொதக் கத்தி இல்லையா, வெங்காயம் அரிய ஆகும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தியை ஊருணியில் வீசியிருப்பேன். பத்து நாள் வேர்வை ஆயிற்றே, மனசு வரவில்லை. வீட்டில் எதுவும் சொல்லக் கூடாது, சொன்னால் தங்கை ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிடுவாள் என்று முடிவு செய்துகொண்டு நடந்தேன்.

வாசலில் என் மனைவி நின்றாள். "கத்தி முடிஞ்சிருச்சா? கொண்டாந்தீகளா?" என்றாள். மடியிலிருந்து எடுக்கப் போனேன். பதறிவிட்டாள்.

"ஐயையோ, இன்னைக்குச் சனிக்கிழமை! சனிக்கிழமை புது இரும்பை வீட்டுக்குள்ள கொண்டாருவாகளா? படிச்ச மனுசருக்கு இதுகூடவா தெரியல? அங்குட்டுக் கொல்லையில வச்சுட்டு வாங்க."

எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு நாள் அவமானம் தள்ளிப்போயிற்று. கொல்லையில் வைக்கோற்போருக்குள், பிடி மட்டும் தெரிகிற மாதிரி கத்தியைச் செருகிவிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்தேன்.

மறுநாள் விடிந்து எழுந்தபோது அடுப்படியில் அவள் இல்லை. பின்பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. சர், சர் என்று ஓலை கிழிகிற சத்தம், நின்று நின்று வராமல் ஒரே சீராக வந்தது. போய் எட்டிப் பார்த்தேன். வைக்கோற்போருக்குப் பின்னால், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, ஓலையை வலக்கையால் இழுத்துப் பிடித்திருந்தாள். என் கத்தி அவள் இடக்கையில் இருந்தது. அது ஓலையில் தண்ணீராக ஓடியது. பக்கத்தில் குவிந்து கிடந்த ஓலை அத்தனையும் அளவெடுத்த மாதிரி ஒரே அகலம்.

எனக்கு முதலில் ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒன்பது வருஷம் கூடவே இருந்தவளிடம் ஏமாந்துபோன கோபம். "என்ன இது?" என்றேன், வகுப்பில் ஒரு பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடித்த குரலில். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு இடக்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"எத்தனை நாளா?" என்றேன்.

"பொறந்ததுலேருந்துதான்." அப்புறம் கையை வெளியே எடுத்து மணிக்கட்டுக்குக் கீழே காட்டினாள். பணியாரச் சட்டி எண்ணெய் தெறித்தது என்று எப்போதோ எனக்குச் சொன்ன தழும்பு. "ஏழு வயசுல எங்க ஆத்தா கரண்டிக் காம்பைக் காய்ச்சி வச்சுச்சு. அதுக்கப்பறம் இந்தக் கையை வெளிய எடுக்கல. இன்னைக்கு உங்க கத்தி மத்தக் கைக்கு ஓடல, மாத்திப் பிடிச்சுப் பார்த்தேன்."

விரலில் சூடு பட்டதற்கு நான் போட்ட கூப்பாடும், அவள் வாய் பேசாமல் கட்டுப்போட்டதும் நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

அவள் சிரித்தாள். கசப்பான சிரிப்பு இல்லை. பிள்ளைகள் அசட்டுக் கேள்வி கேட்டால் பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு. "கலியாணம் முடிஞ்ச மொத வாரம், பள்ளிக்கூடத்துல ஒரு பய நொட்டாங்கையில எழுதுனதுக்கு முட்டியைப் பேத்துட்டேன்னு வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னீகளே, மறந்துபோச்சா? அப்பறம் எங்குட்டுச் சொல்றது?"

எனக்கு அந்தப் பையன் நினைவில்லை. எத்தனை பையன்கள்!

"உனக்கே தெரியும்ல எப்படி வலிச்சுச்சுன்னு? பிறகு எதுக்கு நம்ம பிள்ளைக்குத் தினமும் கட்டுறே?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் கண் நிறைந்துவிட்டது.

"திருத்தாட்டி அவ பாடு திண்டாட்டமாயிருமேன்னு பயந்தேன். சூடு போட எனக்கு மனசு வரல. அதான் துணி கட்டுனேன்."

அந்த நேரத்தில்தான் மகள் தூக்கக் கலக்கத்தோடு எங்களைத் தேடிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். வலக்கையில் அந்த வேட்டிக் கிழிசல். யாரும் சொல்லாமலேயே இடக்கையைக் கட்டுவதற்காக ஆத்தாளிடம் நீட்டினாள். என் மனைவி துணியை வாங்கினாள். நீட்டிய கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். துணியைச் சுருட்டித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இந்தாருடி, சோத்துக்கு மட்டும் சோத்தாங்கை. சாமிக்குக் குடுக்கவும் அந்தக் கை. மத்ததுக்கெல்லாம் எந்தக் கை வருதோ வச்சுக்க. எழுதுறதுக்கும்" என்றாள்.

பிள்ளைக்குத் தூக்கம் போய்விட்டது. "அய்யா அடிக்கமாட்டாகளா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. நான் எதிரில் நிற்கும்போதே ஆத்தாளிடம்தான் கேட்டாள்.

"அவுகளே சொல்லுவாக."

"அடிக்கமாட்டேன் தாயி" என்றேன்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போதும் அந்தக் கையைப் பாவாடைக்குப் பின்னால்தான் வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் நாளே நொட்டாங்கையால் சிலேட்டில் எழுத ஆரம்பித்தாள். ஆனால் ஒவ்வொரு எழுத்து முடிந்ததும் தலையை நிமிர்த்தி என் கையைப் பார்ப்பாள். நான் பிரம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வர ஆரம்பித்தேன், அப்போதும் பார்த்தாள். நிமிர்ந்து பார்க்காமல் ஒரு பக்கம் முழுக்க அவள் எழுதி முடித்தபோது ஆவணி பிறந்திருந்தது.